மூன்று புள்ளிகளின் கணக்கு

1970ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே இயங்கிவந்த கராத்தேச் சங்கமொன்றை மானிடவியலாளர் ஒருவர் அருகிருந்து கவனித்து வந்தார். வேயின் சக்கரி என்பது அவர் பெயர். அந்நாளிலே சங்கத்துட் சச்சரவொன்று மூண்டிருந்தது. பயிற்சிக் கட்டணத்தை உயர்த்தவேண்டும் என்றார் ஆசிரியர். உயர்த்தலாகாது என்றார் சங்கத் தலைவர். கூட்டத்துக்குக் கூட்டம் வாதம் முற்றியது. ஈற்றில் ஆசிரியர் விலக்கப்பட்டார். அவர் பக்கம் நின்றோர் வெளியேறிப் புதுச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர்.

இவ்வளவும் எந்த நாட்டிலும் எந்தச் சங்கத்திலும் நடக்கக்கூடியதே. சக்கரி செய்த வேலைதான் புதுமையானது. சங்கத்துக்கு வெளியேயும் ஒருவரோடொருவர் பழகியவர்கள் யார் யார் என்பதை அவர் குறித்துக்கொண்டார். உறுப்பினர் 34 பேரும் 34 புள்ளிகள். பழகிய இருவருக்கிடையே ஒரு கோடு. 1977இல் வெளியான இப்படத்தின் இன்று வழங்கும் பிரதியில் 78 கோடுகள் உள்ளன. வலையமைப்புக்களை ஆராயும் துறையில் இறங்குவோர் எல்லோரும் முதன்முதல் எடுத்து எண்ணிப் பழகும் அரிச்சுவடி இதுவே.

இத்தகைய படமொன்றிலே எதை எண்ணுவது? புள்ளிகளை எண்ணலாம், கோடுகளை எண்ணலாம். ஆயின் 34 என்றும் 78 என்றும் சொல்லிவிட்டால், அந்தச் சங்கம் எவ்வாறு கட்டப்பட்டிருந்தது என்பதில் ஒரு சிறிதும் தெரியவில்லை. இருவரை மட்டும் எடுத்துக்கொண்டால், தொடர்பு உண்டு அல்லது இல்லை. அதற்குமேற் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்தவுடனேதான் கதை தொடங்குகின்றது. ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1908இல் வெளியிட்ட நூலிலே இதனை விரிவாக எடுத்துக்காட்டினார். இருவர் கொண்ட கூட்டிலே ஒருவர் விலகினாற் கூட்டே இல்லை. மூவர் கொண்ட கூட்டிலோ ஒருவர் போனாலும் கூட்டு நிற்கும். மூன்றாமவர் மற்ற இருவரையும் சமாதானப்படுத்தலாம். அவர்கள் பிணக்கிலே தாம் இலாபம் அடையவும் செய்யலாம். குடும்பச் சொத்துத் தகராறு ஒன்றையேனும் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே ஆராய்வோர் மும்மூன்று புள்ளிகளாக எடுத்து எண்ணத் தொடங்கினர். மூன்று புள்ளிகள் கொண்ட ஒரு கூட்டை முக்கூட்டு எனக் கொள்வோமாயின், கராத்தேச் சங்கத்திலே எத்தனை முக்கூட்டுக்கள் உண்டு? 34ஐ 33ஆற் பெருக்கி, அதனை 32ஆற் பெருக்கி, வந்ததை 6ஆல் வகுக்க வேண்டும். விடை 5,984. திசையில்லாத கோடுகளாதலால் இவை நான்கு வகைக்குள் அடங்கும். கோடே இல்லாத முக்கூட்டுக்கள் 3,971. ஒரே கோடு உள்ளவை 1,575. இரண்டு கோடுகள் உள்ளவை, அதாவது ஒருவருக்கு இருவரைத் தெரியும், அவ்விருவருக்குள்ளே பழக்கமில்லை என்னும் நிலையில் உள்ளவை, 393. மூவரும் ஒருவரையொருவர் அறிந்த முழு முக்கோணிகள் 45.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு கோட்டு முக்கூட்டுக்கள் 393 என்று ஒரு செய்நிரல் சொல்லும். அதே படத்தை வேறொரு செய்நிரலுக்குக் கொடுத்தால் 528 என்று சொல்லக்கூடும். இரண்டிலும் பிழையில்லை. இரண்டாவது செய்நிரல், ஒரு கோட்டில் ஏறி நடுப்புள்ளிக்கு வந்து மறு கோட்டில் இறங்கும் வழி எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் எண்ணுகின்றது. மூன்றாவது பக்கம் மூடியிருக்கின்றதா திறந்திருக்கின்றதா என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு முக்கோணியினுள்ளும் அத்தகைய வழிகள் மூன்று. 45 முக்கோணிகளுக்கு 135. அதனை 393உடன் கூட்டினால் 528. எண்ணுதற்கு முன்னர் எதை எண்ணுகின்றோம் என்று வரையறுத்துக்கொள்ளாத காரணத்தால், இரண்டு கட்டுரைகள் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றி, பின்னர் இரண்டும் ஒன்றையே கூறியவை என்று வெளிப்படுவது இத்துறையில் எவருக்கும் நேரக்கூடிய விபத்து.

இனி, கேட்கவேண்டிய கேள்வி வேறு. 45 முக்கோணிகள் என்றால் அது அதிகமா, குறைவா?

எண் தனித்து நின்றால் இதற்கு விடையில்லை. ஒரு பாடசாலையிலே 45 பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாற்போல அது. வழக்கமாக எத்தனை பேருக்கு என்று தெரிந்தாலன்றோ கவலைப்படுவதா விடுவதா என்று சொல்லலாம். கராத்தேச் சங்கத்தின் 34 பேருக்குள் இருவர் இருவராக 561 இணைகள் உண்டு. அவற்றுள் 78 இணைகளுக்குக் கோடு உண்டு. அந்த 78 கோடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு 561 இடங்களில் எழுமாற்றாக வீசியெறிந்தால், சராசரியாக 16 முக்கோணிகள் உண்டாகும். இருப்பவை 45. ஆகவே நண்பரின் நண்பர் நண்பராகின்றார் என்னும் இயல்பு இச்சங்கத்தில் ஓங்கி நின்றது என்று முடிவு கட்டத் தோன்றும்.

அவசரப்படலாகாது. அந்தப் படத்திலே தலைவருக்கு 17 பேரோடும் ஆசிரியருக்கு 16 பேரோடும் தொடர்பு உண்டு. மற்றவர்களிற் பலருக்கு இரண்டு மூன்று கோடுகளே உள்ளன. எவருக்கு எத்தனை கோடு என்பதை மாற்றாமல், கோடுகளின் மறுமுனைகளை மட்டும் கலைத்துப் போட்டால், இவ்விருவரையும் சுற்றியே கோடுகள் மொய்க்கும்; மொய்த்த இடத்தில் முக்கோணிகள் தாமாகவே பெருகும். 16 என்னும் எதிர்பார்ப்பு பெரிதும் உயர்ந்துவிடுகின்றது. 45 என்பதில் இருந்த வியப்பும் அவ்வளவுக்குக் குறைந்துவிடுகின்றது. படம் ஒன்றே, எண் ஒன்றே. எதனோடு ஒப்பிடுவது என்பது மாறியவுடன் தீர்ப்பு மாறுகின்றது. இத்துறையின் பெரிய வெற்றியும் பெரிய வழக்கும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறந்தன.

அவற்றுக்குப் போகுமுன் அம்புக்குறிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பழக்கம் என்பது இருபுறமும் ஒன்று. ஆனால் "உமக்கு விருப்பமான தோழர் யார்?" என்று வகுப்பிலே கேட்டால், கந்தன் சுட்டியவன் கந்தனைச் சுட்டாமல் இருக்கலாம். அங்கே கோட்டுக்குத் திசை உண்டு. மூன்று புள்ளிகளுக்கிடையே ஆறு அம்புகள் இருக்க இடமுண்டு. ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாதிருக்கலாம் என்பதால் 64 நிலைகள். பெயரை மறந்து வடிவத்தை மட்டும் நோக்கினால் அவை 16 வகையாகச் சுருங்குகின்றன. போல் ஹொலண்ட், சாமுவேல் லைன்ஹார்ட் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே இப்பதினாறையும் ஒழுங்குபடுத்தினர். ஒவ்வொரு வகைக்கும் மூன்று இலக்கங் கொண்ட பெயர்: எத்தனை இணைகள் ஒன்றையொன்று சுட்டுகின்றன, எத்தனை இணைகளில் ஒருபக்க அம்பு மட்டும் உண்டு, எத்தனை இணைகளில் ஒன்றுமில்லை. மூன்று இலக்கங்களையும் கூட்டினால் எப்போதும் மூன்றே வரும். இலக்கங்கள் ஒன்றாயிருந்தும் அம்புகள் ஓடும் முறை வேறாயின் ஓர் எழுத்தைச் சேர்த்துப் பிரித்தனர். பதினாறு வகைக்கும் தலைக்கு எத்தனை என்று எழுதிய பட்டியலுக்கு, குடிசன மதிப்பைக் குறிக்கும் அதே சொல்லையே பெயராக இட்டனர். ஜேம்ஸ் டேவிஸ் என்பவர் 742 சிறு குழுக்களின் விருப்பு வெறுப்புப் பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்த கட்டுரையும் 1970இலேயே வெளிவந்தது. நண்பரின் நண்பர் அந்நியராய் நிற்கும் முக்கூட்டுக்கள், பெரும்பாலும் எழுமாற்று எதிர்பார்ப்பிலும் குறைவாகவே காணப்பட்டன.

வானொலியிலே படம் காட்ட இயலாது. ஆயினும், நேயர் ஒருவர் கடதாசித் துண்டிலே க, ச, த என மூன்று புள்ளிகள் இட்டு இரண்டு வடிவங்களை மட்டும் வரைந்து வைத்துக்கொள்வாராயின் மேலே வருவன எளிதில் விளங்கும். முதலாவதில் கவிலிருந்து சவுக்கு ஓர் அம்பு, சவிலிருந்து தவுக்கு ஓர் அம்பு, கவிலிருந்து நேரே தவுக்கும் ஓர் அம்பு. இதனை முன்னூட்டக் கண்ணி எனலாம். இரண்டாவதில் முதலிரு அம்புகளும் அவ்வாறே. மூன்றாவது அம்பு மட்டும் திரும்பி, தவிலிருந்து கவுக்குச் செல்லும். இது சுழற்சி. ஓர் அம்பின் திசை மாறியதே வேறுபாடு.

எண்ணும் வேலையைக் கணினி எப்படிச் செய்கின்றது? 34 பேருக்கு 5,984 முக்கூட்டு என்பது பென்சிலும் பொறுமையும் உள்ள ஒருவரால் ஆகக்கூடியது. ஆனால் 1999இலே நொத்தர் டாம் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கங்களை ஆராய்ந்தோர் கண்டவை 325,729 பக்கங்கள்; பக்கத்திலிருந்து பக்கத்துக்குச் செல்லும் தொடுப்புக்கள் 15 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இதன் முக்கூட்டுக்கள் ஏறத்தாழ 5,760 இலட்சங் கோடி. செக்கனுக்குப் பத்து இலட்சம் வீதம் ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறி, வேலையை முடிக்க 180 ஆண்டுகளுக்கு மேலாகும்.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர்களுள் ஸ்லொவேனியாவின் லியூபிளியானா நகரத்தைச் சேர்ந்த விளாதிமிர் பத்தகெல், அந்திரேய் முர்வார் ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். 1996 முதல் அவர்கள் ஆக்கிவந்த செய்நிரலுக்குப் பயேக் என்று பெயர். அவர்கள் மொழியிலே அது சிலந்தியைக் குறிக்கும். வலையை ஆராயும் கருவிக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்! 2001இல் அவர்கள் வெளியிட்ட முறை, கேட்டவுடன் "இதுதானா?" என்று தோன்றும் அளவுக்கு எளிமையானது. பெரிய வலைகளிலே பெரும்பாலான முக்கூட்டுக்கள் வெறுமையானவை. வெறுமையைப் போய் ஏன் பார்க்கவேண்டும்? கோடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்தாற் போதும்.

கராத்தேச் சங்கத்திலே முதலாம் இலக்கம் ஆசிரியர். அவரையும் இரண்டாம் இலக்க உறுப்பினரையும் இணைக்கும் கோட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் புள்ளியாக வரக்கூடியவர் மற்ற 32 பேர். அவர்களுள் இருவருக்கும் பழக்கமானவர் 7 பேர். ஆகவே 7 முக்கோணிகள். ஒருவருக்கு மட்டும் பழக்கமானவர் 9 பேர். ஆகவே 9 திறந்த முக்கூட்டுக்கள். எஞ்சிய 16 பேரைத் தேடிப் பார்க்கவே வேண்டியதில்லை. 32இலிருந்து கழித்தவுடன், ஒற்றைக்கோட்டு முக்கூட்டுக்கள் 16 என்று வந்துவிடுகின்றது. இவ்வாறே 78 கோடுகளையும் முடித்தபின், கோடே இல்லாத 3,971ஐயும் மொத்தத்திலிருந்து கழித்தே பெறலாம். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். முக்கோணி ஒன்றுக்கு மூன்று கோடுகள் உள்ளமையால் அது மூன்று முறை எதிர்ப்படும். உறுப்பினர் இலக்கங்களின் வரிசையைக் கொண்டு, ஒருமுறை மட்டும் கணக்கிற் சேர்த்து மற்ற இருமுறையும் தள்ளிவிடும்படி செய்நிரலை எழுதவேண்டும். முதன்முறை எழுதுவோர் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். விடை சரியாக மும்மடங்காய் வந்து நிற்கும்.

இம்முறையால் வேலை முக்கூட்டுக்களின் தொகைக்கேற்ப வளராமல், கோடுகளின் தொகைக்கேற்ப வளர்கின்றது. நூற்றாண்டுக் கணக்கு நிமிடக் கணக்காகிவிடும். நான்கு புள்ளிகளுக்குப் போனால் நிலைமை மீண்டும் கடினமாகும்: ஒன்றோடொன்று தொடர்புற்ற அம்பு வடிவங்கள் மூன்று புள்ளிகளுக்கு 13, நான்கு புள்ளிகளுக்கு 199. அங்கே முழுவதையும் எண்ணாமல் மாதிரி எடுத்து மதிப்பிடும் செய்நிரல்கள் தோன்றின. மாதிரி எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. கோடு வழியாகச் சென்று மாதிரி எடுத்தால், கோடுகள் நெருங்கிய இடம் அடிக்கடி அகப்படும். ஐதான இடம் தப்பிவிடும். ஜெர்மனியின் செபஸ்தியான் வெர்னிக்கே, ஒவ்வொரு கூட்டுக்கும் சமவாய்ப்புக் கிடைக்கும் ஒரு முறையை வகுத்து, 2006இல் பன்மொட் என்னும் செய்நிரலைத் தோழர் ஒருவருடன் வெளியிட்டார்.

இனிப் பெரிய வெற்றிக்கு வருவோம். மனிதரின் குடலிலே வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியாவிலே, ஒரு பரம்பரையலகு ஆக்கும் புரதம் வேறு பரம்பரையலகுகளின் வேலையைத் தொடக்கிவைக்கும் அல்லது தடுத்துவைக்கும். எது எதனை ஆள்கின்றது என்று பல்லாண்டுகளாகப் பல ஆய்வுகூடங்கள் கண்டறிந்தவற்றை ஒன்றுசேர்த்து அம்புக்குறிப் படமாக வரைந்தனர். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலே ஊரி அலோன் என்பவரும் அவர் மாணவர்களும் 2002இல் இதனை மும்மூன்றாக எண்ணினர். 424 புள்ளிகள், 519 அம்புகள். முன்னூட்டக் கண்ணிகள் 40.

இந்த 40ஐ எதனோடு ஒப்பிடுவது? அவர்கள் செய்த முறை இது. இரண்டு அம்புகளைத் தெரிந்தெடு. அவற்றின் தலைகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடு. இதனைப் பல்லாயிரம் முறை செய். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புறப்படும் அம்புகளின் தொகையும் வந்துசேரும் அம்புகளின் தொகையும் மாறவில்லை. ஆனால் யாருக்கு யார் என்பது முற்றாகக் கலைந்துவிட்டது. கராத்தேச் சங்கத்தில் ஆசிரியரும் தலைவரும் உண்டாக்கிய மயக்கம் இங்கே நேராது. இவ்வாறு கலைத்த வலைகளிலே முன்னூட்டக் கண்ணிகள் சராசரி 7. நியம விலகல் 3. இருப்பவையோ 40. தற்செயல் என்று தள்ளிவிட இயலாத இடைவெளி அது. மதுவக்கலமாகிய ஈஸ்டின் வலையிலும் அவ்வாறே 11 வரவேண்டிய இடத்தில் 70 இருந்தன. தற்செயலை மிஞ்சி வரும் இத்தகைய வடிவங்களுக்கு வலைக்கோலங்கள் என்று பெயரிடலாம்.

அதே பற்றீரியாவின் பட்டியலிலே சுழற்சி ஒன்றேனும் இல்லை. இதைக் கேட்டவுடன், இயற்கை சுழற்சியை வெறுத்து ஒதுக்கிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கலைத்த வலைகளிலும் சுழற்சியின் சராசரி ஒன்றுக்குக் குறைவே. ஒன்றுகூட வரவேண்டும் என்று எதிர்பார்க்க இடமில்லாதபோது, ஒன்றும் வரவில்லை என்பது எதனையும் நிறுவாது. 40ஐ நம்பச் செய்த அதே ஒப்பீடு, இந்தப் பூச்சியத்தை நம்பவேண்டாம் என்கின்றது.

முன்னூட்டக் கண்ணி ஏன் இத்தனை வேண்டியிருக்கின்றது? எண்ணிக்கை இதற்கு விடை சொல்லாது, ஆய்வுகூடத்திலே பார்க்கவேண்டும். பார்த்தார்கள். ஈ. கோலைக்கு விருப்பமான உணவு குளுக்கோசு. அது கிடைக்காதபோது அரபினோசு என்னும் வேறொரு வெல்லத்தை உண்ணும். குளுக்கோசு தீர்ந்தது என்னும் செய்தி ஒரு புரதத்தை எழுப்புகின்றது. அதனை க என்க. க, இரண்டாம் புரதமாகிய சவை ஆக்குவிக்கின்றது. அரபினோசைச் சிதைக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகள் த. தவைத் தொடக்குவதற்குக் கவும் வேண்டும். அரபினோசைத் தாங்கிய சவும் வேண்டும். இருவர் கையெழுத்தும் இருந்தாலன்றிப் பணம் கொடாத வங்கிக் கணக்கைப் போல. க எழுந்தவுடன் த தொடங்கிவிடாது. ச போதிய அளவு திரளும்வரை காத்திருக்கும். க ஒழிந்தாலோ த உடனே நிற்கும். ஒரு கையெழுத்து இல்லையென்றாற் போதுமன்றோ.

2003இலே மங்கன், அலோன் முதலியோர், ஒளிரும் புரதமொன்றை அடையாளமாகப் பொருத்தி, உயிருள்ள பற்றீரியாவிலேயே இதனை அளந்தனர். தொடங்கும்போது ஏறத்தாழ 20 நிமிடத் தாமதம், நிறுத்தும்போது தாமதமில்லை. இத்தகைய கண்ணி இல்லாத வேறொரு வெல்லத் தொகுதியை அருகே வைத்துப் பார்த்தபோது, அதிலே அந்தத் தாமதமும் இல்லை. குளுக்கோசு சில நிமிடம் தட்டுப்பட்டு மீண்டும் கிடைத்துவிடும் நேரத்திலே, புதிய நொதியங்களை ஆக்கி வீண்செலவு செய்யாமல் இப்பற்றீரியா பொறுத்திருக்கின்றது. மூன்று புள்ளிகளும் மூன்று அம்புகளும் கொண்ட ஒரு வடிவம் இந்த நிதானத்தைத் தருகின்றது.

இந்த வெற்றியோடு நின்றிருந்தால் வழக்கு எழுந்திராது. அதே 2002ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள புழுவொன்றின் நரம்புத் தொகுதியையும் எண்ணியது. இப்புழுவின் 302 நரம்புக்கலங்களும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட முறையை, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் படங்களை வெட்டு வெட்டாகத் தொடர்ந்து, கேம்பிரிட்ஜிலே வைற், சவுத்கேற், தொம்சன், பிரென்னர் ஆகியோர் 1986இல் வெளியிட்டிருந்தனர். வலுவான தொடுப்புக்களை மட்டும் எடுத்தபோது 252 கலங்களும் 509 அம்புகளும் எஞ்சின. முன்னூட்டக் கண்ணிகள் 125. கலைத்த வலைகளில் சராசரி 90, விலகல் 10. பற்றீரியாவில் உள்ளதுபோன்ற பெரிய இடைவெளி அன்று, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

2004இல் ஆட்சி-ரண்ட்ரப், ஸ்டோன் முதலியோர் மறுப்பு எழுதினர். அவர்களின் நியாயம் எவருக்கும் விளங்கக்கூடியது. நரம்புக்கலங்கள் ஓரிடத்தில் இருப்பவை. பக்கத்தில் இருப்பவற்றோடு தொடுக்கும் வாய்ப்பு அதிகம். தூரத்தில் இருப்பவற்றோடு குறைவு. கவுக்குப் பக்கத்தில் ச, சவுக்குப் பக்கத்தில் த என்றால், கவும் தவும் அயலவர் ஆகிவிடுகின்றன. மூன்றாம் கோடு எளிதில் விழும். அம்புத் தலைகளை வலை முழுவதும் கண்டபடி மாற்றும் ஒப்பீட்டிலோ அண்மை என்பதே அழிந்துபோகின்றது. சதுரக் கட்டங்களிலே புள்ளிகளை இட்டு, அயலானவற்றை மட்டும் மிகுதியாகத் தொடுத்து அவர்கள் ஒரு பொம்மை வலை செய்தனர். எவரும் எதற்காகவும் தெரிவுசெய்யாத அந்தப் பொம்மையிலும், அதே செய்நிரல் வலைக்கோலங்கள் உண்டு என்று அறிவித்தது. செய்நிரல் பிழை செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே கொடுத்தது. கேள்விதான் புழுவுக்குப் பொருந்தவில்லை.

அலோன் குழுவினரும் விடாமல் மறுமொழி கூறினர். 2005இலே இட்ஸ்கோவிட்ஸ் என்பவரும் அலோனும் எடுத்துக்காட்டிய கணக்கு ஒன்று மிக அழகானது. மூன்று புள்ளிகள் அண்மையினாலே முக்கோணியாக இணைந்தன என்று வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஓர் அம்பாகத் திசைகளை நாணயம் சுண்டித் தீர்மானிப்போம். எட்டு விதமாக விழலாம். அவற்றுள் ஆறு விதம் முன்னூட்டக் கண்ணி. இரண்டு விதம் சுழற்சி. ஆகவே அண்மை ஒன்றே காரணமாயின், மூன்று கண்ணிக்கு ஒரு சுழற்சி வீதம் காணப்படவேண்டும். புழுவிலே சுழற்சிகள் அந்த வீதத்துக்கு மிகக் குறைவு. முக்கோணி ஏன் மூடிக்கிடக்கின்றது என்பதற்கு அண்மை விடை சொல்லும். அம்புகள் ஏன் பெரும்பாலும் ஒரு போக்காக ஓடுகின்றன என்பதற்கு அது விடை சொல்லாது. ஆக, மறுப்பாளரின் எச்சரிக்கையும் நிலைத்தது. கண்டுபிடிப்பும் முற்றாக வீழ்ந்துவிடவில்லை. 90ஐயும் 125ஐயும் வைத்து முன்னர் பேசியதைவிட, கண்ணிக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பேசுவது இன்று உறுதியான நிலம் எனலாம்.

கராத்தேச் சங்கத்தின் பிளவையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். ஆசிரியருக்கும் தலைவருக்கும் இடையே கோடு இல்லை. இருவருக்கும் பொதுவாகப் பழக்கமானவர் நால்வர்: இலக்கம் 9, 14, 20, 32. எனவே இருவரையும் தாங்கி நின்ற திறந்த முக்கூட்டுக்கள் நான்கு. சங்கம் உடைந்தபோது இந்நால்வரும் ஒருபக்கம் சேர வேண்டியவராயினர். சக்கரி, தொடர்புகளின் வலிமையையும் சேர்த்துக்கொண்டு, நீர் எந்தக் குழாயாற் பாயும் என்று கணிப்பது போன்ற ஒரு முறையால் 34 பேரும் எப்பக்கம் செல்வர் என்று கணித்தார். 33 பேர் கணக்குப்படியே சென்றனர்.

தப்பியவர் ஒன்பதாம் இலக்கத்தவர். அவர் உறுப்பாயமைந்த முக்கோணிகள் ஐந்து. அவற்றுள் இரண்டிலே தலைவர் இருக்கின்றார். ஒன்றிலேதான் ஆசிரியர் இருக்கின்றார். கணக்கும் அவரைத் தலைவர் பக்கத்திலேயே வைத்தது. அவரோ ஆசிரியரோடு போனார். கறுப்புப் பட்டிக்கான தேர்வுக்கு அவருக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது. தலைவர் பக்கம் நின்றால் பெற்ற தரத்தை விட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்திருக்கும்.